சேருமுன் விசாரிப்போம்; கேட்டவர்க்கு உண்மை சொல்வோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி நம் உரையைத் தொடங்குகிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் கேட்பதற்குச் சிறியது. ஒரு நிறுவனமோ ஓர் ஏஜென்டோ நம் பிள்ளைக்கு வேலை தருவதாகச் சொல்லும்போது, அதற்கு ஒப்புக்கொள்ளுமுன், அவ்விடத்தில் முன்பு வேலை பார்த்து வெளியே வந்தவர்களைத் தேடிச் சென்று உண்மை நிலையைக் கேட்டறிய வேண்டும் என்பதே அது. இதில் கேட்பவருக்கு ஒரு கடமை உண்டு. கேட்கப்படுபவருக்கும் ஒரு கடமை உண்டு. நம் மஹல்லாக்களில் பெரிதும் தடைபட்டு நிற்பது இரண்டாவது கடமைதான். ஆதலால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

வானம் பார்த்த பூமியும் வெளியூர்ப் பிழைப்பும்

கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள இந்தக் கரிசல் நிலம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் அந்த மழை பெய்தால் வீடு வரும். பொய்த்தால் விதைத்ததும் வராது. நம்மவர்களில் நிலம் உடையோர் குறைவு. கடையும் கூலியுமே பலருக்குப் பிழைப்பு. ஆயினும் ஊரார் கையில் காசு புழங்குவது விளைச்சலைப் பொறுத்ததாகையால், நம் கடைகளின் வியாபாரமும் அந்த மழையைப் பொறுத்ததாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்த வறட்சிக்கு ஈடு கொடுத்தவை தீப்பெட்டித் தொழிலும் நூற்பாலைகளும் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு, அச்சுத் தொழில்களும் ஆகும். இவற்றிலும் ஏற்ற இறக்கம் உண்டு. பிளாஸ்டிக் லைட்டர்களின் வரவால் தீப்பெட்டி விற்பனை சரிந்ததும், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை விதித்ததும் நாம் அனைவரும் அறிந்தவை. எனவே நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும், அரபு நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். செல்வது தவறன்று, ரிஸ்கைத் தேடிப் பூமியில் பரவிச் செல்லுமாறு மார்க்கமே அனுமதித்திருக்கிறது. போகுமிடம் எத்தகையது என்று தெரிந்து செல்கிறோமா என்பதே நம் கேள்வி.

எட்டயபுரத்து ஆட்டுச் சந்தையில் குர்பானிக்கு ஓர் ஆடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார்; கண்ணையும் காதையும் பார்க்கிறார்; நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார்; எந்த ஊர் ஆடு, யார் வளர்த்தது என்று கேட்கிறார். நிக்காஹ் என்று வந்தால் இன்னும் ஒருபடி மேலே போகிறோம். மாப்பிள்ளை வீட்டாரின் மஹல்லாவுக்கு ஆள் அனுப்புகிறோம். அவ்வூர் ஜமாஅத்தின் கடிதம் கேட்கிறோம். அடுத்த வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் காதோடு காதாக விசாரிக்கிறோம். அத்தகைய நாம், நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டும்போதும், பதினெட்டு வயதுப் பெண்பிள்ளையை ஆலை விடுதிக்கு அனுப்பும்போதும், "ஏஜென்டு நமக்குத் தெரிந்தவர்தான்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு செய்தி வரும்போது, அதைக் கொண்டுவருபவரின் தன்மையறிந்து தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் போதனை. வேலை பற்றிய செய்தியும் செய்திதான். அதைக் கொண்டுவருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டென்றால், நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய தேவை இன்னும் கூடுகிறது.

கூலிக்கு அமர்வதில் ஒளிவுமறைவு கூடாது என்பதற்கு ஸூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாறு சான்று. அவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, அவர்களின் வலிமையையும் நம்பகத்தன்மையையும் எடுத்துச் சொன்னார். அந்தத் தந்தையும் எட்டு ஆண்டுகள் என்று காலத்தை வரையறுத்தார். பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பம் என்றார். கடுமை காட்ட மாட்டேன் என்றும் உறுதி கூறினார். வேலை கொடுப்பவர் தொழிலாளியைப் பற்றி அறிந்து அமர்த்தியது போலவே, வேலைக்கு அமர்ந்தவரும் நிபந்தனைகளை முன்கூட்டியே அறிந்து ஒப்புக்கொண்டார்.

ஒருவரைப் பற்றிச் சொல்லத் தகுதியுடையவர் யார் என்பதற்கு உமர் (ரலி) அவர்கள் ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஒரு மனிதரை நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்தவரிடம், நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவருடன் பணம் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறீரா, அவருடன் பயணம் செய்திருக்கிறீரா என்று வினவினார்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தபோது, அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று கூறிவிட்டார்கள். இந்த அளவுகோலை வேலைக்கும் வைத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தோடு கூடவே வாழ்ந்தவரும், அதனிடமிருந்து ஊதியம் வாங்கிப் பழகியவரும், மாதக்கணக்கில் அதனோடு பயணம் செய்தவரும் அங்கே வேலை பார்த்த தொழிலாளிதான். ஏஜென்டு அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கமாட்டார்.

சொல்வது புறம் பேசுவதாகுமா?

நம் ஊர்களில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பலர் உண்டு. ஆலையிலிருந்து பாதியில் வந்த பெண்பிள்ளைகள் உண்டு. ஆனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. தோற்று வந்ததாக ஊர் நினைக்குமே என்ற வெட்கம் ஒரு காரணம். நம் உறவினர்தானே அனுப்பினார், அவர் மனம் நோகுமே என்ற தயக்கம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் மார்க்கப் பற்றின் பெயரால் வருவது. உப்பைத் தின்ற இடத்தைக் குறை கூறலாமா, அது புறம் பேசுவதாகிவிடாதா என்று அஞ்சுகின்றனர்.

இந்த அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் இதற்கு மார்க்கத்தில் தெளிவான விடை இருக்கிறது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மை முஆவியா (ரலி) அவர்களும் அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டிருப்பதை நபி (ஸல்) அவர்களிடம் கூறி ஆலோசனை வேண்டினார்கள். நபியவர்கள் பூசி மெழுகவில்லை. முஆவியா பொருள் வசதி இல்லாதவர் என்றும், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்றும் உள்ளதை உள்ளபடி எடுத்துரைத்து, உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. பின்னாளில் பெரும் பதவி வகித்த நபித்தோழர் ஒருவரின் அன்றைய வறுமைகூட, ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிவு செய்யப்படும் வேளையில் மறைக்கப்படவில்லை.

ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபினரும் மதித்துப் போற்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஒருவரின் குறையைச் சொல்வதற்கு மார்க்கம் இடமளிக்கும் ஆறு சந்தர்ப்பங்களைத் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில் வகைப்படுத்தியுள்ளார்கள். அவற்றுள் ஒன்று ஆலோசனை கேட்டு வருபவருக்கு அறிவுரை கூறுதல். திருமண சம்பந்தம், கூட்டு வியாபாரம், அமானிதம் ஒப்படைத்தல், கொடுக்கல் வாங்கல், அண்டை வீட்டில் குடியேறுதல் ஆகியவை பற்றி ஆலோசிக்கப்படுபவர், நலம் நாடும் எண்ணத்தோடு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். கூலிக்கு அமர்வதும் கொடுக்கல் வாங்கலில் அடங்குவதே. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பதும் நபிமொழியின் கருத்து. ஆகவே ஒரு பிள்ளை நம்மிடம் வந்து, "மாமா, நீங்கள் இருந்த கம்பெனிக்கு நான் போகலாமா?" என்று கேட்ட அந்தக் கணத்தில், நாம் அறிந்த உண்மை அவனுக்குரிய அமானிதமாகிவிடுகிறது. அதை மறைத்து, "போய்ப் பாரேன், எல்லாம் நசீபு" என்று சொல்லி அனுப்புவது பெருந்தன்மையாகாது.

மௌனத்தின் விலை

நாட்டில் நடந்தவற்றை மூன்று சான்றுகளால் பார்ப்போம்.

முதலாவது, நம் தென் மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களை நேரடியாகப் பாதித்தது. சுமங்கலித் திட்டம் என்றும் மாங்கல்யத் திட்டம் என்றும் சொல்லி, கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளுக்கு மணமாகாத பெண்பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டனர். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கென்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. கண்ணாரக் கண்டவர்கள் சொன்னது வேறு: நீண்ட வேலை நேரம், வெளியே போக அனுமதியில்லாத விடுதி, காலம் முடியுமுன் நோயுற்று வெளியேறினால் மொத்தத் தொகை கைக்கு வராத நிலை. நெதர்லாந்து நாட்டின் சோமோ ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்தின் இந்தியக் குழுவும் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது. ஆலைகளில் வேலை செய்த பெண்பிள்ளைகளின் வாய்மொழியே அதற்கு ஆதாரம். வேற்று நாட்டார் தேடிக் கேட்ட அந்தச் செய்தியை, பக்கத்துத் தெருவில் இருந்த நாம் கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்!

இரண்டாவது சான்று சவூதி ஓஜர் என்ற மாபெரும் கட்டுமான நிறுவனம். 1978-இல் தொடங்கப்பட்டு, அரண்மனைகளையும் அரசு மாளிகைகளையும் கட்டிய பெயர் பெற்ற நிறுவனம் அது. அதன் பெயரைக் கேட்டு யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். 2016 ஜூலையில் அந்நாட்டில் வேலையும் ஊதியமும் இழந்த இந்தியத் தொழிலாளர்கள் உணவுக்கே தவிக்கும் செய்தி வந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவர்களின் ஏற்பாட்டில் இந்தியத் தூதரக அதிகாரிகள் முகாம்களுக்கு உணவு கொண்டு சென்றனர். ஓஜர் தொழிலாளர்கள் அவர்களில் பெரும் பகுதியினர். 2017 ஜூலை 31-இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. அங்கே ஊதியம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பல மாதங்களாகவே தாமதமாகித் தடைபட்டு வந்தது. நாளிதழில் வருமுன் அதை அறிந்திருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். பெரிய பெயரைப் பார்த்துப் பழைய ஆளை விசாரிக்காமல் விடுவது எத்தகைய ஆபத்து என்பதற்கு இது பாடம்.

மூன்றாவது, அண்மைக் காலத்து விபரீதம். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிச் சென்ற படித்த இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்ட 13 பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தனர். 2025 மார்ச் மாதத்தில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். இத்தகைய இடத்தைப் பற்றி விசாரிக்க முயன்றால், அங்கே முன்பு வேலை பார்த்து, முறையாகக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய ஒரு மனிதரைக்கூடக் காட்ட முடியாது. அப்படி ஒருவரும் இல்லை என்பதே நமக்குப் போதுமான விடை. "உங்கள் மூலம் போய்த் திரும்பி வந்த இரண்டு பேரின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டவுடன் ஏஜென்டு பேச்சை மாற்றினால், அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

யாரைக் கேட்பது?

இப்போது அங்கே வேலையில் இருப்பவரைக் கேட்பதும் பயன்தான். ஆனால் அவர் முழுவதையும் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். அவருடைய பிழைப்பு அங்கே இருக்கிறது. ஆள் சேர்த்துவிட்டால் ஒரு தொகை கிடைக்கும் என்ற ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. வெளியே வந்தவருக்கு அந்தக் கட்டு இல்லை.

வெளியே வந்தவர்களிலும் ஓராண்டு, ஈராண்டுக்குள் வந்தவரைத் தேட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்தவரின் அனுபவம் உண்மையாயினும், நிர்வாகமும் சட்டமும் அதற்குள் மாறியிருக்கும். கத்தார் 2020-இலும் சவூதி அரேபியா 2021-இலும் தொழிலாளர் வேலை மாறுவதற்கான விதிகளைத் தளர்த்தின. சவூதியின் அந்தத் தளர்வில் வீட்டு வேலை செய்வோர் சேர்க்கப்படவில்லை. நாம் போகவிருக்கும் கம்பெனியில் அந்த விதி நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை அண்மையில் திரும்பியவரே சொல்ல முடியும். அதே ஊர்க் கிளையில், அதே வேலையில் இருந்தவராக அவர் இருப்பது நன்று. அலுவலகத்தில் கணக்கு எழுதியவருக்குக் கம்பி கட்டியவரின் வெயில் தெரியாது.

ஒருவரோடு நிற்காமல் மூவரைக் கேட்க வேண்டும். ஒருவர் கோபத்தோடு வந்தவராக இருக்கலாம். இன்னொருவர் மேலாளருக்கு உறவினராக இருக்கலாம். மூவரும் ஒரே செய்தியைச் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது என்று கொள்ளலாம். ஏஜென்டு தாமே கொடுக்கும் தொலைபேசி எண்ணோடும் நின்றுவிடலாகாது. நாமாகத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒருவரேனும் வேண்டும். பக்கத்து ஊர் ஜமாஅத்துகள், கல்லூரியில் நமக்கு முன்னே படித்தவர்கள், வெளிநாட்டில் உள்ள நம் ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் வழியே இது ஓரிரு வாரத்தில் முடியக்கூடிய காரியம்.

எதைக் கேட்பது?

"நல்ல கம்பெனியா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். ஆகவே கீழ்க்கண்டவாறு கேட்கலாம்:

1. கடைசி ஆறு மாதச் சம்பளம் எந்தெந்தத் தேதியில் கைக்கு வந்தது? பேசிய தொகைக்கும் வந்த தொகைக்கும் என்ன வேறுபாடு? எதற்காகப் பிடித்தார்கள்?

2. நாளொன்றுக்கு எத்தனை மணி நேர வேலை? கூடுதல் நேரத்திற்குப் பணம் உண்டா? வாராந்தர விடுமுறையும் ஜும்ஆவுக்குச் செல்ல நேரமும் கிடைத்தனவா?

3. ஓர் அறையில் எத்தனை பேர் தங்கினீர்கள்? தண்ணீர், சாப்பாடு எப்படி?

4. பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழ்களையோ வாங்கி வைத்துக்கொண்டார்களா? கேட்டபோது கொடுத்தார்களா?

5. பி.எஃப். என்று பிடித்த தொகை உங்கள் கணக்கில் சேர்ந்ததா? விலகிய பின் எடுக்க முடிந்ததா?

6. உடம்புக்கு முடியாமல் போனவரை எப்படி நடத்தினார்கள்? வேலையில் காயம்பட்டவருக்கு என்ன கிடைத்தது?

7. ஏதேனும் பாண்டில் கையெழுத்து வாங்கினார்களா? இடையில் விலகியவர் எவ்வளவு கட்டினார்?

8. நீங்கள் ஏன் விலகினீர்கள்? உங்கள் சொந்தத் தம்பியை அங்கே அனுப்புவீர்களா?

இவற்றுள் பாஸ்போர்ட் பற்றிய கேள்விக்குக் காரணம் உண்டு. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் உடைமை. முதலாளியின் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு உரியதன்று. பாண்டு பற்றிய கேள்வியையும் இலேசாகக் கருத வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கையெழுத்திட்ட பின் வருந்துவதைவிட, முன்னே கேட்பது மேல்.

பட்டாசுத் தொழிலுக்குச் செல்வோருக்கு இன்னும் ஒரு கேள்வி வேண்டும்: ஓர் அறையில் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், உண்மையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? உரிமம் பெற்றவரே நடத்துகிறாரா, உள்குத்தகைக்கு விட்டிருக்கிறாரா? 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் நடந்த வெடி விபத்துகளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. இத்தகைய இடங்களின் உள்நிலையை நேற்றுவரை அங்கே உட்கார்ந்து வேலை செய்தவரே சொல்ல முடியும்.

பெண்பிள்ளைகள் வேலைக்குப் போவதாக இருந்தால், அங்கே இருந்து வந்த பெண்களிடம் நம் வீட்டுப் பெண்களே சென்று பேச வேண்டும். போகவிருக்கும் பிள்ளையும் உடனிருந்து கேட்க வேண்டும். ஆண்கள் முன்னிலையில் அவர்கள் சொல்லத் தயங்கும் செய்திகள் உண்டு. பெரும்பாலும் அவைதாம் முக்கியமான செய்திகள்.

இவற்றோடு ஆவணச் சோதனையும் தேவை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டு 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்திற்கு 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. பதிவு எண் சரியாக இருப்பதைக் கண்டு, மனிதரை விசாரிப்பதை விட்டுவிடவும் கூடாது. ஏஜென்டு உரிமம் பெற்றவரா என்பதைக் காகிதம் காட்டும். கம்பெனியில் சம்பளம் வருமா என்பதை அது காட்டாது.

சொல்பவருக்கு ஒழுக்கம், கேட்பவருக்கும் ஒழுக்கம்

உண்மை சொல்ல மார்க்கம் தந்த அனுமதி, மனக்கசப்பைக் கொட்டித் தீர்க்கத் தந்த அனுமதியன்று. கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்ல வேண்டும். நல்லதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் ஒழுங்காக வந்து, மேஸ்திரி மட்டும் கடுமையானவர் என்றால், இரண்டையும் சொல்வதே நீதி. கேட்டவரின் முடிவுக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; முதலாளியின் குடும்ப விவகாரம் அதில் சேராது. கேட்டவரிடம் சொன்னதையே டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னால், அதுவே புறமாகிவிடும்.

கேட்பவரும் சொன்னவரின் பெயரைக் காக்க வேண்டும். "இன்னார்தான் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னார்" என்று ஏஜென்டிடம் போய்ச் சொல்பவர், அடுத்து வரும் பத்துப் பேருக்கும் வாசலை அடைக்கிறார். விசாரித்த பின் ஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுக்க வேண்டும். விசாரணையை விட்டுவிட்டு இஸ்திகாராவை மட்டும் பற்றிக்கொள்வது, ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பதைப் போன்றது.

நம் ஜமாஅத்தில் கடை முதலாளிகளும் பட்டறை நடத்துவோரும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த உரையைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு ஏவிய நபியவர்களின் வழியில் நடக்கும் முதலாளிக்கு, விலகிச் சென்ற தொழிலாளியைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. நம்மிடமிருந்து போனவர் நம்மைப் பற்றி என்ன சொல்வார் என்று ஆண்டுக்கொருமுறை நினைத்துப் பார்ப்பது, ஜகாத் கணக்குப் பார்ப்பதைப் போலவே நமக்கு நன்மை தரும்.

ஜமாஅத்துக்கு நம் வேண்டுகோள்

நிறைவாக, நிர்வாகக் குழுவுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நிக்காஹ் பதிவேடு வைத்திருப்பது போல, நம் மஹல்லாவில் எவர் எந்த ஊரில், எந்தத் தொழிலில் வேலை பார்த்துத் திரும்பினார் என்ற பதிவேடு ஒன்றை, அவரவர் சம்மதத்தோடு மட்டும் வைக்கலாம். அதில் கம்பெனியைப் பற்றிய குறை நிறை எதையும் எழுத வேண்டாம். விசாரிக்க வருபவரை உரியவரிடம் சேர்த்துவைத்தால் போதும். பிற ஊர் ஜமாஅத்துகளுக்குத் திருமண விசாரணைக் கடிதம் எழுதுவது போல, வேலை விசாரணைக்கும் ஒரு கடிதம் எழுதித் தரலாம். மேலும், பாதியில் திரும்பி வந்தவரைப் பார்த்து "ஏன் வந்துவிட்டாய்?" என்று கேட்டு நோகடிக்கும் வழக்கத்தை இமாம் அவர்கள் ஜும்ஆ மேடையில் கண்டித்துரைக்கலாம். அவமானத்துக்கு அஞ்சாத நிலை வந்தால்தான் திரும்பியவர் வாய் திறப்பார். அவர் வாய் திறந்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பும்.

வந்திருக்கும் இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை வந்திருந்தால், கையெழுத்திடுமுன் மூன்று பேரைத் தேடுங்கள். திரும்பி வந்திருக்கும் சகோதரர்களே! உங்களைத் தேடி ஒரு பிள்ளை வந்தால், உட்காரவைத்து, உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் பட்ட துன்பத்திற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அதனால் ஒருவர் காப்பாற்றப்பட்டால், அந்த நன்மையிலும் உங்களுக்குப் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான, பரக்கத்தான ரிஸ்கை வல்ல நாயன் வழங்குவானாக! வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் உழைக்கும் நம் சகோதர சகோதரிகளை அவன் பாதுகாப்பானாக! உண்மை கேட்கவும் உண்மை சொல்லவும் நம் நாவுகளுக்கும் உள்ளங்களுக்கும் வலிமை தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.